குடோன் கூரையில் வென்டிலேட்டர் வைக்குமுன் கவனிக்க வேண்டியவை

பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட குடோனுக்குள் பகலில் நிற்க முடிவதில்லை. ஆட்கள் வெளியே வந்து காற்று வாங்கிக் கொள்ளலாம். சரக்கு அங்கேயேதான் கிடக்க வேண்டும். வெல்லம் இளகிச் சாக்கோடு ஒட்டுகிறது. வத்தல் நிறம் மங்குகிறது. கொப்பரையும் நிலக்கடலைப் பருப்பும் காறல் வாடை அடிக்கின்றன. புளி காய்ந்து எடை குறைகிறது. இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் தனி வரியாக ஏறுவதில்லை, லாபத்தில்தான் குறைகிறது.

பழைய ஓட்டுக் கட்டடங்களில் இவ்வளவு வெக்கை இல்லை. ஓட்டுக்கு ஓடு இருந்த சந்து வழியாகச் சூடான காற்று தானே வெளியேறியது. ஷீட் போட்டபோது ஒழுக்கு நின்றது. அதோடு அந்த வழியும் அடைபட்டது. சூடான காற்று மேலே ஏறி முகட்டின் அடியில் தங்கிவிடுகிறது. எனவே பரணிலும் அட்டியின் மேல் வரிசையிலும் உள்ள சரக்குதான் முதலில் கெடுகிறது.

இதற்குப் பலரும் இப்போது டர்போ வென்டிலேட்டர் எனப்படும் சுழலும் உருண்டையைக் கூரையில் வைக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், காற்று வீசும்போது சுழன்று உள்ளிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். நல்ல சாதனம்தான். ஆனால் மேலே வெளியேறும் அளவு காற்று கீழே உள்ளே வந்தாக வேண்டும். நான்கு பக்கமும் சுவர், ஷட்டரும் பூட்டிக் கிடக்கிறது என்றால் கூரையில் எத்தனை உருண்டை சுழன்றாலும் பயன் சொற்பமே. வென்டிலேட்டர் வைத்தும் சூடு குறையவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. 24 அங்குல வாய் உள்ள ஒரு வென்டிலேட்டரின் திறப்பு ஏறத்தாழ 3.14 சதுர அடி. இரண்டு வைத்தால் சுமார் 6.3 சதுர அடி. சுவரின் கீழ்ப்பகுதியில் குறைந்தது இதே அளவு திறப்பு வேண்டும். வலை ஓரளவு அடைத்துக் கொள்ளும் என்பதால் இருமடங்கு வைப்பதே நல்லது. 2 அடிக்கு 1½ அடி அளவில் நான்கு ஜன்னல் வைத்தால் 12 சதுர அடி கிடைத்துவிடும். எலி நுழையாதபடி கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடிக்க வேண்டும். மழை நாளில் ஈரக்காற்று உள்ளே வராமல் மூடிக்கொள்ளக் கதவும் வேண்டும். அரிசியில் ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சையும் வண்டும் வந்து சேரும்.

இன்னொன்று. வென்டிலேட்டர் சூடான காற்றைத்தான் வெளியேற்றும். கொதிக்கும் தகட்டிலிருந்து நேரே இறங்கும் அனலைத் தடுக்காது. அதற்குக் கூரையின் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் நன்றாகத் தெரியும்.

இனி, ஒப்பந்தக்காரரிடம் பேசும்போது:

1. குடோனை நேரில் வந்து அளக்காமல் தொலைபேசியிலேயே எண்ணிக்கை சொல்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். 40 அடிக்கு 25 அடி, சராசரி உயரம் 16 அடி என்றால் உள்ளே 16,000 கன அடிக் காற்று. மணிக்கு 6 முறை அது மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,600 கன அடி வெளியேற வேண்டும். எத்தனை உருண்டை, எந்தக் காற்று வேகத்துக்கு இந்தக் கணக்கு என்று கேளுங்கள். உடுமலை, பல்லடம் போலக் காற்று வீசும் ஊரில் போதுமான எண்ணிக்கை, நெருக்கமான கடைவீதிக்குப் போதாது.

2. கீழ்த் திறப்பு யார் பொறுப்பு என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

3. ஒழுக்கே பெரிய ஆபத்து. நம் ஷீட்டின் வளைவுக்கேற்ற ஃபைபர் அடித்தகடு, ரப்பர் வாஷர் போட்ட திருகு, சீலன்ட் ஆகியவை உண்டா என்று பாருங்கள். தட்டையான தகட்டை வைத்துத் தார் பூசி அடைப்பது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

4. அவர் முன்பு செய்த இரண்டு இடங்களை, ஒரு மழைக்காலம் கண்ட இடங்களாகப் பார்த்து, அந்த வியாபாரியிடம் விசாரியுங்கள்.

5. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மிதித்தால் உடையும். பர்லின் மேல் பலகை போட்டு நடக்க வேண்டும். இடுப்புக் கயிறும் வேண்டும். ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா என்று முன்பே கேளுங்கள். ஷீட்டை அறுக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு. நனைத்துக் கையால் அறுக்கச் சொல்லுங்கள். அடியில் உள்ள சரக்கை முன்பே அப்புறப்படுத்துங்கள்.

6. முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். ஒரு பகுதியை நல்ல மழை ஒன்று பார்த்தபின் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். ஒழுக்குக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதும் ஜி.எஸ்.டி. பில்லோடு எழுத்தில் வர வேண்டும்.

7. வாடகை இடமானால் கட்டட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

வென்டிலேட்டர் வைத்தபின் பூச்சிக்குப் புகைமருந்து போடும் முறையும் மாற வேண்டும். கூரை வழியே மருந்து வெளியேறிவிடும், அக்கம்பக்கத்தாருக்கும் ஆபத்து. அனுமதி பெற்ற நிறுவனத்தார் அட்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடியே செய்ய வேண்டும்.

மாசி மாதத்திலேயே வேலையை முடித்துவிடுவது உத்தமம். வெயில் ஏறியபின் ஆளும் கிடைப்பதில்லை, விலையும் இறங்குவதில்லை. வென்டிலேட்டர் விலையைக் கேட்குமுன், நம் குடோனுக்குள் காற்று வர வழி இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம்.