மாத்திரையும் மனிதாபிமானமும்

எச்.ஐ.வி. தொற்றுள்ளதாகப் பரவிய வதந்தியால் 2016ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் கல்வி மறுக்கப்பட்ட சிறுவனுக்குக் கண்டி திரித்துவக் கல்லூரி இடமளித்தது. அத்துணிவு இன்று ஒவ்வோர் இல்லத்திற்கும் தேவை. ஏனெனில், அச்சமே பலரைச் சிகிச்சையிலிருந்து விலக்கி வைக்கின்றது.

நம் நாட்டின் அரச சிகிச்சை நிலையங்களில் இதற்கான மருந்து இலவசம். புதிய மாத்திரைகளைத் தொடங்கும் வாரங்களில் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை தோன்றலாம். பெரும்பாலும் அவை தணிந்துவிடும். காசநோயும் இருப்பின், அதற்கான மருந்து இம்மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கக்கூடும். வைத்தியரே அளவை மாற்றுவார். தாமாக நிறுத்தினால், வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையைப் பெற்றுவிடலாம். நோன்பு நோற்போர் வைத்தியரின் ஆலோசனையுடன் மாத்திரை நேரத்தை இப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

தவறாது மருந்துண்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாதளவு குறைந்த நிலையைப் பேணுபவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்றுப் பரவாது. அத்தகையவர் ஒளிந்திருந்து மாத்திரை விழுங்கும் நிலையை மாற்றுவது சமூகத்தின் பொறுப்பாகும்.