வாவிக்கரை வழமை – 17: யோசேப்பு ரப்பானின் மருமக்கள்

மட்டக்களப்பின் வழமையாகிய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டில் கிறிஸ்தோப்பர் பிரிட்டோவின் கையால் நூலுருப் பெற்றதையும், அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கும் கண்டியச் சட்டத்துக்கும் முஸ்லிம்களின் சட்டத்துக்கும் விலக்களித்து, மட்டக்களப்பு வழமைக்கு மட்டும் விலக்களியாது விட்டமையால் அது நீதிமன்றத்தில் நாதியற்றுப் போனதையும் முன்னரே எழுதிவிட்டேன். மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்க.

இவ்வாரத்துக்கென வாக்களித்த விஷயம் வேறு. கல்லடியில் எனக்கு உறவுமுறையில் மருமகளாகும் பெண்ணொருத்தி, சட்டத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருப்பவள், சட்டத்தையும் யூதக் கல்வியையும் ஒருங்கே ஆராய்வோருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அளிக்கும் ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். இத்தகைய இடங்கள் சில உண்டு. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கட்ஸ் மையம் ஆண்டுக்கொரு பொருளை முன்கூட்டி அறிவித்து, அப்பொருளில் உழைப்போரைப் பல தேசங்களிலிருந்தும் பிலடெல்பியாவுக்கு வரவழைக்கிறது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் யூத, இஸ்ரவேல் சட்டங்களுக்கென யூலிஸ், ரபினோவிட்ஸ் என்னும் பெயர்களால் ஒரு திட்டம் நடைபெறுகிறது. நியூயோர்க்கில் யெஷிவாப் பல்கலைக்கழகத்துக் கார்டோசோ சட்டக் கல்லூரியும் இத்துறையில் பெயர் பெற்றது. ஆய்வு முன்மொழிவு, தற்குறிப்பு, எழுத்து மாதிரி, பரிந்துரைக் கடிதங்கள் என, கேட்பவை எங்கும் ஏறக்குறைய ஒன்றே.

அவள் கொணர்ந்த முன்மொழிவைப் படித்தேன். மைமோனிடிஸ் என்னும் யூத மகாபண்டிதரின் பெருமை இரண்டு பக்கங்களுக்கு விஸ்தரிக்கப்பட்டிருந்தது; மட்டக்களப்பு என்ற பெயர் முகவரியில் அன்றி வேறெங்கும் இல்லை. காரணம் கேட்டேன். “ஊர் வழமைய எழுதினா அவங்க சிரிக்க மாட்டாங்களா மாமா?” என்றாள். மைமோனிடிஸைப் பற்றி எழுத நியூயோர்க்கிலேயே நூறு பேர் இருக்கையில், அதே சரக்கைக் கல்லடியிலிருந்து கப்பலேற்றுவானேன் என்று கேட்டுவிட்டு, சில நாட்களாக என் மேசையை விட்டகலாத செப்பேடொன்றின் பிரதியை அவள் முன்னே விரித்தேன். இனி, வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இவ்வாரம் அந்தச் செப்பேட்டுக்கே உரியது.

கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் முயிரிக்கோட்டில் வீற்றிருந்து யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் கழகத்தையும் எழுபத்திரண்டு சிலாக்கியங்களையும் அளித்துப் பொறிப்பித்த வட்டெழுத்துச் சாசனம் அது. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பேரிகை, காகளம், தோரணம் என்று சிறப்புகள் நீள்கின்றன. சுங்கமும் துலாக்கூலியும் நீக்கப்படுகின்றன. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலான நாடுகளின் உடையோர் சாட்சியாக நிற்கின்றனர். கொச்சி யூதர் அதனை நான்காம் நூற்றாண்டினது என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். எழுத்தின் வடிவை ஆராய்ந்தோர் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்தார் போற்றிவந்த இதன் பிரதியைத்தான் 2017ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரவேலியப் பிரதமருக்குப் பரிசளித்தார். புகைப்படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சாசனத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று எழுதியவர்கள் சிலரே.

என்னை ஆட்கொண்டது பகல்விளக்குமன்று, பல்லக்குமன்று. இக்கொடை யோசேப்பு ரப்பானுக்குப் பின் யாரைச் சேரும் என்று சொல்லுமிடத்தில், மன்னனின் எழுத்தன் ஆண்மக்களைச் சொல்லுகிறான், பெண்மக்களைச் சொல்லுகிறான், அடுத்து சகோதரி மைந்தராகிய மருமக்களையும், பெண்மக்களை மணந்துகொண்ட மருமக்களையும் தனித்தனியே சொல்லுகிறான். யூத தர்மப்படி மகன் இருக்கையில் மகளுக்கே தாயபாகம் இல்லை. சகோதரி மைந்தனுக்கும் மகளின் கணவனுக்கும் அங்கே இடமேது? எண்ணாகமத்தில் செலோப்பியாத்தின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன்னிலையில் நின்று தந்தையின் பங்கைக் கேட்டுப் பெற்றதுகூட, அவர்களுக்குச் சகோதரன் இல்லாமையாலேயே. அப்பொழுதும் நிலம் கோத்திரத்தை விட்டகலாதபடி சொந்தக் கோத்திரத்திலேயே மணம் முடிக்க வேண்டும் என்று பிற்பாடு விதிக்கப்பட்டது. ஆகவே முயிரிக்கோட்டு எழுத்தன், வந்தவன் எந்த வேதத்தான் என்று வினவாமல், தன் கரையின் வழமையையே செம்பில் வெட்டிவிட்டான் என்பது என் அபிப்பிராயம்.

யூதச் சட்டம் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் நாவூறும். அரசின் சட்டமும் சட்டமே என்று மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த சாமுவேல் என்னும் ஆசிரியர் நிறுவிய பிரமாணம் ஒன்றுண்டு. அப்பிரமாணம் முயிரிக்கோட்டில் செல்லுமா? அரசன் மருமகனுக்கும் உரியதென்று கொடுத்ததை மகன் மறுக்கலாமா? அதைத் தாயமாகக் கொள்வதா, கொடையாகக் கொள்வதா? இந்த வழக்கைக் கேட்க எந்த ரப்பி அங்கே இருந்திருப்பார்?

யூத சாஸ்திரிகளும் பெண்மக்கள் விஷயத்தில் கல்நெஞ்சர் அல்லர். அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் ஒரு விதி இருக்கிறது: சொத்து மிகுதியாயின் புதல்வர் அதனை அடைந்து புதல்வியரைப் போஷிக்க வேண்டும், சொத்து சொற்பமாயின் அது புதல்வியரின் போஷணைக்கே உரியது, புதல்வர் பிச்சையெடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம். ஆணாய்ப் பிறந்த குற்றத்துக்கு நான் நஷ்டப்படுவதா என்ற தோரணையில் அத்மோன் என்னும் யெருசலேம் நீதிபதி ஆட்சேபித்தார். மூன்று தங்கையருக்கு வீடு கட்டிக் கொடுத்து முடிந்த பின்னரே தன் கலியாணத்தைப் பற்றி நினைக்க நேர்ந்த நம் படுவான்கரை அண்ணன்மார் எவரும் அத்மோனை உடனே தம் கட்சியில் சேர்த்துக்கொள்வர்.

இடைக்கால ஐரோப்பிய யூதர் இதற்கு மேலும் ஒருபடி சென்றனர். மகளுக்கு மணம் முடிக்கும்போது தந்தை ஒரு பெருங்கடன் பத்திரத்தை அவளுக்கு எழுதிக் கொடுப்பான். அவன் இறந்த பின் புதல்வர் ஒன்றில் அக்கடனைத் தீர்க்க வேண்டும், அல்லது மகனுக்குரிய பங்கில் பாதியை அவளுக்கு விட வேண்டும். வேதத்தின் தாயவிதி ஓர் எழுத்தும் மாறாது. சொத்தில் ஒரு பங்கு மட்டும் மகளிடம் போய்விடும்.

இங்கே நம் எழுவான்கரையைப் பாருங்கள். காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களின் தாயபாகத்துக்கு ஷரீஅத்தின் விகிதாசாரம் உண்டு. ஆனால் வீடும் வளவும் மகளின் கலியாணத்திலேயே சீதன உறுதியாக நொத்தாரிசின் முன்னிலையில் கைமாறிவிடுவதால், தகப்பன் மௌத்தாகும்போது பங்கிட மிஞ்சுவது பெரும்பாலும் சொற்பமே. தமிழர் வீடுகளிலும் கதை இதுவே. முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் மடிந்தது. சீதன உறுதியில் மடியவில்லை. குடி என்னும் குலம் தாய்வழியில் இறங்குகிறது, வீடு மகள்வழியில் இறங்குகிறது, கோயில் வண்ணக்கர் என்னும் தர்மகர்த்தா உத்தியோகம் மாமனிடமிருந்து மருமகனுக்கு இறங்கிய மரபும் நம்மிடம் இருந்தது. யூதரிடமோ, யூதன் என்ற அடையாளம் தாய்வழியிலும் தாயமும் கோத்திரமும் தகப்பன்வழியிலும் இறங்கின. அடையாளத்தையும் மண்ணையும் ஒருவர் ஏன் பிரித்தார், மற்றவர் ஏன் சேர்த்தார், பிரித்தவர்களும் பத்திரம் எழுதி மகளுக்கும் கொடுத்தது எப்படி? அந்தப் பெண் எழுத வேண்டிய முன்மொழிவு இதுதான். எச். டபிள்யூ. தம்பையாவின் நூலும், அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றேயின் நூலும் ஒரு பக்கத்துக்கு ஆதாரமாகும். மறுபக்கத்துக்கு எபிரேயம் கற்றாக வேண்டும், அதற்குக் குறுக்குவழியில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புச் செமினரியிலேயே, யூதராய்ப் பிறந்து கிறிஸ்தவரான வான் டோர்ட் எபிரேயம் கற்பித்தார். இன்று அதற்கு இத்தீவில் வழி தேடி அலைய வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் நம் பிரதம நீதியரசராக விளங்கிய அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் 1809ஆம் ஆண்டில் யூதரை இலங்கையில் குடியேற்றலாமென்று யோசனை கூறியதை லண்டன் ஏற்றிருந்தால் ஒருவேளை ஆசிரியருக்குப் பஞ்சமிராது. அது வேறு கதை.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் பெறுவது, எவ்வளவு முன்னதாகக் கேட்பது என்பவற்றை இவ்வாரமே எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்கிடையில் ஒரு வேண்டுகோள். 1877ஆம் ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட சீதன உறுதியோ, குடிவழக்குத் தீர்ப்போ, ஏட்டுப் பிரதியோ எவர் வீட்டுப் பெட்டகத்திலாவது இருந்தால், கறையான் அரித்ததாயினும் எறிந்துவிடாமல் பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஒரு வரி எழுதித் தெரிவியுங்கள். மூலத்தை அனுப்ப வேண்டா; பிரதி போதும்.