பேர் ஃபவுண்டரி, வேலை கொல்லுப்பட்டறை

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஸ்டிக்கிள்பாத் கிராமத்தில் ஃபிஞ்ச் ஃபவுண்டரி இருக்கு. பேர்தான் ஃபவுண்டரி. உண்மையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கொல்லுப்பட்டறை.

1814-இல் ஃபிஞ்ச் குடும்பம் வருவதற்கு முன் இது கம்பளி ஆலை. பக்கத்திலேயே மாவு மில். பிறகு அதுவும் சாணைக்கூடமானது. தொழில்தான் மாறியது, வாய்க்கால் தண்ணீர் அதேதான். மூன்று நீர்ச்சக்கரங்கள்: ஒன்று சம்மட்டிகளைத் தூக்கிப் போட, ஒன்று உலைக்குக் காற்று ஊத (துருத்தி இழுக்க ஆள் வேண்டாம் பாருங்க), மூன்றாவது சாணைக்கல்லைச் சுழற்ற.

எனக்கு உறைத்தது சாணைக்காரர் நிலைமைதான். சுழலும் கல்லுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்துதான் அரிவாளைத் தீட்டணும். மூக்குக்கு நேர் கீழே கல் தூசி, நாள் முழுக்க.

1960-இல் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது, பட்டறை மூடப்பட்டது. இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. பார்வையாளர்களுக்காகச் சக்கரத்தை ஓட்டிக் காட்டுறாங்க.