குட்டி ஜப்பானில் ஒரு மூணு சிலிண்டர்

2025 ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் சாயங்காலம், நாரணாபுரத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால், என் 1996 மாடல் மாருதி 800 இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. பின் சீட்டில் நான் பார்ட் டைமாகக் கணக்கு எழுதும் அச்சகத்து ஓனர், 'போற வழிதானே!' என்று ஏற்றிவிட்ட காலண்டர் ஆல்பங்கள். ஆடிப் பதினெட்டில் சிவகாசி காலண்டர் ஆல்பம் வெளியாகவில்லை என்றால், அந்த வருஷம் தை மாசமே பிறக்காது என்று நினைப்பவர் அவர். முன் சீட்டில் என் மனைவி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எதிரே பயர் ஆபீஸ் விட்டு (எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். ஃபைல், பியூன் எல்லாம் தேடாதீர்கள்) அலுமினியப் பொடி ஒட்டிய வெள்ளிக் கைகளோடு வந்த இரண்டு பேர், கேட்காமலே காரைத் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டு போய் நிறுத்திய இடம் ஒரு வேப்ப மரம். அதன் கீழே தகரக் கொட்டகை. உள்ளே மெக்கானிக் அண்ணாச்சி.

அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்லை. "ஒரு செல்ஃப் அடிங்க தம்பி" என்றார். அடித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "பெட்ரோல் ஏறல. ஃபில்டர் எப்ப மாத்துனீக?"

எப்போது மாற்றினேன் என்று யோசித்தேன். அந்த யோசனையிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆக, தப்பு காருடையது இல்லை, முழுக்க என்னுடையது. பழைய பிஸ்கட் டப்பாவிலிருந்து புது ஃபில்டர் வந்தது. கார்புரேட்டர் கழன்றது, ஜெட்டில் வாயை வைத்து ஊதினார், பெட்ரோலைத் துப்பினார், மாட்டினார், ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினார். தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கியது. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். மனைவியின் மௌனம் மட்டும் ரிப்பேர் ஆகவில்லை.

இந்த இன்ஜினின் ஜாதகத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெயர் எஃப்8பி. சொந்த ஊர் ஜப்பான், வீட்டுப் பெயர் சுசுகி. அந்தக் காலத்தில் ஜப்பானின் குட்டிக் கார்களுக்கு 550 சிசிதான் உச்சவரம்பு. அதனால் உள்ளூருக்கு 543, ஏற்றுமதிக்கு 796. நம் பங்குக்கு வந்தது 796. மூன்று சிலிண்டர், ஆறு வால்வு, தலைக்கு மேல் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட். சக்தி நாற்பது குதிரைக்கும் கீழே. (நேரு சிவகாசியை 'குட்டி ஜப்பான்' என்றதாக எங்கள் ஊரில் ஒரு பெருமை உண்டு. குட்டி ஜப்பானுக்குக் குட்டி இன்ஜின், பொருத்தம் பார்த்தே அனுப்பியிருக்கிறார்கள்.)

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை ஹர்பால் சிங் என்ற டெல்லிக்காரருக்கு இந்திரா காந்தி கொடுத்தார். மனிதர் 2010-ல் கண்ணை மூடும்வரை அதை விற்கவே இல்லை. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதற்குள் விற்றது இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல். ஆனால் கார் போனாலும் இன்ஜின் போகவில்லை. ஆம்னி வேனில் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, ஓட்டுகிறவருக்கு இலவசமாக ஒத்தடம் கொடுத்தபடி 2019 வரை வந்தது. ஆல்டோவில் 2023 வரை. நடுவில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது, வால்வு ஆறு பன்னிரண்டானது. ஆனால் சிலிண்டரின் அளவு அதே 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 72. நாற்பது வருஷம்! அந்த நாற்பது வருஷத்தில் நம் இடுப்பளவு எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இதில் அப்படி என்ன விசேஷம்? நிஜத்தைச் சொன்னால், பெரிதாக ஒன்றும் இல்லை. இதைவிட வேகமான இன்ஜின்கள் உண்டு, சத்தமில்லாதவை உண்டு, புகை குறைந்தவை ஏராளம். ஐட்லிங்கில் மூணு சிலிண்டர் கொஞ்சம் ஆடும். நாலு பேர் தூக்கவேண்டிய கட்டிலை மூன்று பேர் தூக்கினால் ஆடாதா? ஆனால் காரே 650 கிலோவுக்குப் பக்கம்தான் என்பதால், மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. அவசரம் இல்லாதவனுக்கு ஆயுசு கெட்டி. (என் அலுவலக நண்பர்கள் கவனிக்க.)

அண்ணாச்சி சொன்ன காரணம் வேறு. "இது நல்ல இன்ஜின்னு இல்ல தம்பி. இது எல்லாருக்கும் தெரிஞ்ச இன்ஜின்" என்றார்.

அந்த வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஃபில்டர் வாங்க மதுரைக்குப் போக வேண்டியதில்லை, பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. ஆம்னியில் கழற்றிய பல சாமான் 800-க்கு ஆகும். ஒரு ஸ்பேனர் செட்டும் டேப்பட் செட்டிங்குக்கு ஒரு ஃபீலர் கேஜும் இருந்தால் மர நிழலில் ஒர்க் ஷாப் தயார். அம்பாசடர் கதையும் இதேதான். இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனி 1947-ல் கொண்டுவந்த இன்ஜின் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, இந்தியாவில் லாரி மெக்கானிக் முதல் டிராக்டர் மெக்கானிக் வரை எல்லாருக்கும் வசப்பட்டதால்தான் இங்கே அத்தனை காலம் ஓடியது.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வித்தை இரண்டு பேரோடு நின்றிருந்தால் இரண்டு பணக்காரர்கள் கிடைத்திருப்பார்கள். ஊர் முழுக்கக் கற்றுக்கொண்டதால் சிவகாசி கிடைத்தது. அச்சகங்களிலும் அப்படித்தான். கம்ப்யூட்டர் வைத்த ஆஃப்செட் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒரு கிழட்டு ஜெர்மன் ஹைடல்பெர்க் கறுப்பாக நின்று, நம்பர் போட்டுக்கொண்டும் அட்டை வெட்டிக்கொண்டும் இருக்கும்.

இப்போது மறுபக்கம். நான் பி.காம். டெபிட் எழுதினால் கிரெடிட் எழுதாமல் தூக்கம் வராது.

என் காரில் ஏர்பேக் கிடையாது. 2014-ல் குளோபல் என்கேப் மோதவிட்டுப் பார்த்ததில், ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800 வாங்கியது பூஜ்யம் ஸ்டார். அதற்கே அப்படி என்றால் அதன் பெரியப்பா நிலைமை? புகை விஷயத்தில் 2010-லேயே சென்னை உள்பட 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது, நியாயமாகத்தான். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கலவை வரும் என்று கனவிலும் நினைக்காத காலத்து ரப்பர் ட்யூப்கள் என் காரில். அண்ணாச்சி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, "இதெல்லாம் மாத்திருவோம், ரிஸ்க் எடுக்கக் கூடாது" என்றார்.

அதோடு ஆர்.சி. பதினைந்து வருஷத்துக்குப் பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. என் கார் இருமிய அதே 2025 ஆகஸ்டில், இருபது வயசைத் தாண்டிய கார்களுக்கு 10,000. எனக்கு அடுத்த தவணை 2026-ல். வருமான வரிக் கணக்குப்படி காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். அந்த வாய்ப்பாட்டில் நூறு ரூபாய்க் கார் முப்பது வருஷத்தில் முக்கால் ரூபாய். முக்கால் ரூபாய்ச் சொத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் ஃபீஸா என்று வீட்டு நிதியமைச்சர் கேட்டால், என் பட்டம் உதவிக்கு வராது. நல்லவேளை, அந்த வாய்ப்பாட்டில் எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்யம் மட்டும் வராது!

காசை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "அண்ணாச்சி, வித்துரட்டுமா, வச்சிருக்கட்டுமா?"

அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு அறுபத்திரெண்டு ஆச்சு. ரெண்டு பயலுக எங்கிட்ட வேலை கத்துக்கிட்டிருந்தானுக. ஒருத்தன் மதுரையில ஷோரூம் சர்வீஸ்ல இருக்கான், லேப்டாப்பைச் சொருகிப் பாத்து ஃபால்ட் சொல்றான். நல்ல சம்பளம். இன்னொருத்தன் துபாய். கார்புரேட்டர் ட்யூன் பண்ண இந்த ரோட்ல எனக்கப்புறம் ஆள் இல்ல. வண்டி ஓடும் தம்பி. நான் எத்தனை நாளைக்கு ஓடுவேன்னு பாத்துக்கோங்க" என்றார்.

அதுவரை பேசாதிருந்த மனைவி காரைவிட்டு இறங்கினாள். "அண்ணாச்சி, அந்த ஸ்க்ரூ எதுன்னு எனக்குக் காட்டுங்க. இவருக்குக் காட்டிப் பிரயோஜனம் இல்ல" என்றாள்.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பானெட்டை மறுபடி திறந்தார். கால் சுற்று வலப்பக்கம், கால் சுற்று இடப்பக்கம். மூன்றாவது தடவையில் இன்ஜின் அவளுக்குப் படிந்துவிட்டது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். காலண்டர் ஆல்பம் அச்சக வாசலுக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி ஒன்பதரை.