ஃபைட்டர் மீன் தொட்டிக்கு எந்தச் செடி?
வரப்போரத்திலேயே இருக்கிறது பாதி விடை!

பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி வரும் மீன் என்றால், பெரும்பாலும் அது ஃபைட்டர் மீனாகத்தான் இருக்கும். ஒரு கண்ணாடித் தொட்டி, நாலு கூழாங்கல், பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி. அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த பிளாஸ்டிக் இலையின் முனையில் உரசி, விசிறி போன்ற வால் கிழிந்துபோகும். கிழிந்த இடத்தில் அழுகல் பிடித்தால் மீன் தேறுவது கஷ்டம். இதற்கு உயிருள்ள செடிதான் சரியான மாற்று. ஆனால், கடையில் பார்க்க அழகாக இருப்பதெல்லாம் இந்த மீனுக்கு ஒத்துவராது.

ஃபைட்டர் மீனின் பூர்வீகம் தாய்லாந்து. 2019-ம் ஆண்டு அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே இது வாழ்வது நெல் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும்தான். அதாவது ஆழமில்லாத, ஓட்டமில்லாத, செடி மண்டிய தண்ணீர். செவுளால் மட்டுமல்லாமல், அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை இழுத்தும் மூச்சு விடும். ஆண் மீன் மிதக்கும் இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். ஆகவே, இதற்கான செடிக்கு மூன்று குணம் வேண்டும். இலை மென்மையாக இருக்க வேண்டும். குறைந்த வெளிச்சத்திலும் தாக்குப்பிடிக்க வேண்டும். நீர்ப்பரப்பை முழுதாக மூடிவிடக் கூடாது. தொட்டி சிறியதுதான் என்றாலும் 15 லிட்டராவது பிடித்தால்தான் மீனும் செடியும் சேர்ந்து பிழைக்கும்.

கைக்கெட்டும் தூரத்தில்...

ஈர வரப்பில் படரும் நீர்ப்பிரமியை மருந்துக்காகப் பறிப்பவர்கள் உண்டு. அதே செடி தண்ணீருக்குள் மூழ்கியும் வளரும். நாலு விரல் நீளத் தண்டுகளாகக் கிள்ளி, கழுவிய ஆற்று மணலில் ஊன்றினால் போதும். முதலில் சில இலைகள் உதிரும். பயந்து பிடுங்கிவிட வேண்டாம். தண்ணீருக்குப் பழகிய புது இலை நுனியில் வந்துவிடும்.

குளத்தில் கிடைக்கும் ஆகாயத்தாமரைக் குட்டிகள் இரண்டு, மூன்று போட்டால், தொங்கும் வேர்களுக்கு இடையில் மீன் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் இது குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் பரவினால் மேலே வந்து மூச்சு விட இடமிருக்காது. கீழே உள்ள செடிகளுக்கு வெளிச்சமும் போகாது. வாரம் ஒருமுறை கழித்துவிட வேண்டும். ரிப்பன் போல நீளும் வாலிஸ்நீரியா, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரிலும் வளரக்கூடியது. சின்னத் தொட்டிக்கு இரண்டு குருத்து போதும்.

வயலில் இருந்து எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பூச்சிமருந்து அடித்த வயலின் வடிகாலில் இருக்கும் செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் தொடவே கூடாது. நல்ல இடத்துச் செடியையும் தனி வாளியில் பத்து, பதினைந்து நாள் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அட்டை, நத்தை முட்டை, தட்டான் புழு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். தட்டான் புழு மீன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் கைவிடாதவை. சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே கேட்டு வாங்கலாம். மெதுவாக வளரும், நிழலைத் தாங்கும். அனுபியாஸின் அகன்ற இலை மேல் ஃபைட்டர் மீன் படுத்து ஓய்வெடுக்கும். இவற்றை இஞ்சி, மஞ்சள் நடுவதுபோல மண்ணில் புதைத்தால் தண்டு அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

லக்கி பாம்பூ எனப்படும் செடியையும் சிலர் மீன் தொட்டிச் செடி என்று விற்கிறார்கள். உண்மையில் அது தரைச் செடி. வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் பிழைக்கும். இலை மூழ்கினால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். 'செடியின் வேரைத் தின்றே மீன் வாழும், தீனி வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஃபைட்டர் மீன் பூச்சி, புழு தின்னும் இனம்.

யூரியா கை வேண்டாம்!

இலை கொஞ்சம் வெளுத்தால் உரம் போடத்தான் விவசாயிக்குக் கை நீளும். வயலுக்குச் சரி, தொட்டிக்குக் கூடாது. யூரியா தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு விஷம். காரத்தன்மை கூடிய போர் தண்ணீரில் அந்த விஷம் இன்னும் கடுமை. மீனின் கழிவே செடிக்குத் தழைச்சத்து. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்துப் பிறகு ஊற்றலாம். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், தண்ணீர் பச்சையாகிவிடும். சின்ன எல்.இ.டி விளக்கு ஒன்று, தினமும் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

கழித்த செடி எங்கே போகிறது?

தொட்டியில் மிஞ்சியதை வாய்க்காலில் வீசுவதுதான் பெரிய வினை. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் 2020-ம் ஆண்டு நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்ததைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அது கபொம்பா என்கிற தென் அமெரிக்க நீர்ச்செடி. மீன் தொட்டிகளுக்காக விற்கப்படும் வகை. துண்டுத் தண்டு விழுந்தாலே முளைத்து வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். நம் குளங்களை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரையும் ஒரு காலத்தில் பூவின் அழகுக்காக இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டதுதான். எனவே, கபொம்பாவைச் சின்னத் தொட்டிக்கு வாங்காமல் இருப்பதே நல்லது. கழித்த செடி எதுவானாலும் வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, பிறகு எருக்குழியில் போட்டுவிடலாம்.