தாத்தா காரின் எமன்: ஒரு சாண் ரப்பர் குழாய்!

கத்திப்பாரா மேம்பாலம். மே மாதத்து மத்தியானம். மண்டையைப் பிளக்கும் வெயில்.

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இரண்டு இருமல் இருமியது. அப்படியே நின்றுவிட்டது. பின்னால் ஆரன் சத்தம் காதைத் துளைத்தது.

காரை ஓட்டி வந்தவர் 74 வயது ரிட்டையர்டு அதிகாரி. பின் சீட்டில் 8 வயது பேத்தி. சாவியைத் திருப்பினார். ‘டிக்... டிக்...’ என்ற சத்தம்தான் வந்தது. செல்ப் எடுக்கவில்லை. பேட்டரி காலி!

"தாத்தா, பெட்ரோல் நாத்தம் அடிக்குது" என்றாள் பேத்தி.

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் தாத்தா.

அந்த நாற்றம்தான் எமன் விட்ட மூச்சு என்பது அப்போது அவருக்குத் தெரியாது!

காயலான் கடையா?

வீட்டில் ஒரே ரகளை. "ஒரு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. நடுரோட்டுல மானம் போகுது. காயலான் கடையில போட்டுடுங்கப்பா" என்றார் மகன்.

பெரியவருக்கு மனசு வரவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி. அதுவும் நம்ம ஊர் வண்டி! 1961 முதல் வண்டலூர் பக்கம் உள்ள தொழிற்சாலையில் உருவான கார் ஹெரால்டு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது எல்லாமே இதில்தான்.

கடைசியாக ஒரு முயற்சி. புதுப்பேட்டை சந்து ஒன்றில் ஷெட் போட்டிருக்கும் 70 வயது மெக்கானிக்கிடம் காரைக் கட்டி இழுத்துப் போனார்.

ஹெரால்டின் பானெட் வித்தியாசமானது. மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாய்ந்து திறக்கும். திறந்ததும் மெக்கானிக் எதையும் தொடவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டார்.

"இன்னா சார், இதோட பாப்பாவையும் ஏத்திக்கினு வந்தீங்களா?" என்றார்.

அவர் விரல் காட்டிய இடத்தில், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் குழாய். என்றைக்கோ மாட்டியது. ஊறி, உப்பி, வெடிப்பு விட்டிருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். சொட்டு விழும் இடத்துக்குக் கீழே, கொதிக்கும் புகைக்குழாய்!

பெரியவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரோல் மாறிப்போச்சு!

"பத்து வருஷமா தாங்கின குழாய் இப்ப மட்டும் ஏன் போச்சு?" என்று கேட்டார்.

"குழாய் அதேதான் சார். பெட்ரோல்தான் வேற" என்றார் மெக்கானிக்.

உண்மைதான். இன்று பங்க்கில் போடுவது வெறும் பெட்ரோல் அல்ல. எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்தது. 2022-ல் 10 சதவீதமாக இருந்த கலப்பு, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. புதிய கார்களை அதற்கேற்றபடி செய்கிறார்கள். 60 வருஷத்துக்கு முந்திய காருக்கு அது தெரியுமா?

எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து உப்பச் செய்யும். பம்புக்குள் இருக்கும் சவ்வையும் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். டாங்கு துருப்பிடிக்கும். கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி பூக்கும்.

கத்திப்பாராவில் வண்டி நின்றதற்குக் காரணமும் பெட்ரோல் வழிதான். வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து குழாயிலுள்ள பெட்ரோலை ஆவியாக்கிவிட்டன. பம்பு ஆவியை இழுக்காது. இன்ஜின் பட்டினி! பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஆனால் பெட்ரோல் ஒழுகும் வண்டியில் அந்த வைத்தியம் செல்லாது. சாவியை எடுத்துவிட்டு எல்லோரும் இறங்கி விலகுவதே புத்திசாலித்தனம்.

பேட்டரி குற்றவாளி அல்ல!

சரி, இரண்டு பேட்டரி ஏன் செத்தது?

மெக்கானிக் பெல்ட்டை விரலால் அழுத்தினார். ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. அரை அங்குலம், மிஞ்சினால் முக்கால் அங்குலம்தான் அமுங்க வேண்டும். பெல்ட் வழுக்கினால் டைனமோ சுற்றாது. சுற்றாத டைனமோ கரண்ட் தராது.

டைனமோவைப் பிரித்தார். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து நகக்கண் அளவுக்கு வந்துவிட்டன.

"பேட்டரி உண்டியல் மாதிரி சார். போடுறது டைனமோ. போடாம எடுத்துக்கினே இருந்தா உண்டியல் என்னா பண்ணும்?"

பழைய கார் டைனமோ, இன்றைய ஆல்ட்டர்னேட்டர் போல வண்டி நிற்கும்போது சார்ஜ் கொடுக்காது. இன்ஜின் வேகம் எடுத்தால்தான் கொடுக்கும். அதன் முழு சக்தியே சுமார் 20 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் 7, 8 ஆம்பியர் போய்விடும். அதன்மேல் பெரிய ஆரன், பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கு என்று மாட்டினால் பேட்டரி தலையில் துண்டுதான்!

டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே காவல்காரன் மாதிரி ஒரு கட்-அவுட் பெட்டி உண்டு. இன்ஜின் நின்றதும் அது தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அதிலுள்ள பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குப் பாயும். ஒயர் தீயும். ஒழுகும் பெட்ரோலும் தீயும் ஒயரும் ஒரே பானெட்டுக்குள் சந்தித்தால்...? சொல்லவே வேண்டாம்.

நீங்களே பார்க்கலாம்!

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக் பெரியவர் சொல்லும் யோசனைகள் இவை:

சாவி போட்டதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வேகம் கொடுத்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம்.

நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் வேகத்தில் 14-ஐ ஒட்டி ஏறும். 15-ஐத் தாண்டி நின்றால் பேட்டரி கொதித்துச் சாகும், ரெகுலேட்டரைக் காட்டுங்கள்.

பேட்டரி முனையில் பச்சை பூத்தால் சோடா உப்புக் கரைசலில் கழுவித் துடைத்து வாசலின் தடவுங்கள்.

டைனமோவின் பின்பக்கத் துளையில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். அதிகம் விட்டால் பிரஷ் பக்கம் போய்க் கெடுக்கும்.

பேட்டரி மாற்றும்போது உஷார்! அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். தலைகீழாக மாட்டினால் செலவு!

எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். வெடிப்பு இல்லையென்று ஏமாறாதீர்கள். விரலால் அமுக்கிப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

வாரம் ஒரு தடவை அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுங்கள். ஆனால் வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

காருக்குள் சிறிய தீயணைப்புக் கருவி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வந்தது ஹெரால்டு!

நான்கு நாள் வேலை. குழாய்கள் புதுசு, பம்பு சவ்வு புதுசு, பெல்ட், பிரஷ் புதுசு. டாங்கைக் கழுவியபோது வந்த துரு ஒரு டம்ளர்! மொத்தச் செலவு, அவர் மாற்றிய இரண்டு பேட்டரி விலையை எட்டவில்லை. இன்ஜினில் கை வைக்கவே இல்லை.

"இன்ஜின் இன்னும் உங்க பேத்தி கல்யாணம் வரைக்கும் ஓடும் சார்" என்று சாவியைக் கொடுத்தார் மெக்கானிக்.

காயலான் கடைப் பேச்சு இப்போது அந்த வீட்டில் இல்லை. மகனே ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைக்கிறார்.

தாத்தாவுக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம். தினமும் காலையில் பானெட்டைத் திறக்கிறார். பேத்தியும் பக்கத்தில் வந்து நிற்கிறாள். இருவரும் குனிந்து மோந்து பார்க்கிறார்கள்.

"நாத்தம் இல்லை தாத்தா!" என்று அவள் சொன்ன பிறகுதான் சாவி போடுகிறார்.