பொய் வீட்டில் சிக்கும் கம்ப்யூட்டர் திருடன்!

ஒரு வீடு. உள்ளே கூடம் இருக்கிறது. பீரோ இருக்கிறது. பீரோவுக்குள் நகைப்பெட்டி இருக்கிறது. நடு இரவில் ஒரு ஆள் உள்ளே நுழைகிறான். பீரோவை உடைக்கிறான். நகைப்பெட்டியைத் தூக்குகிறான்.

பளிச்சென்று விளக்கு எரிகிறது!

அது வீடே அல்ல. சினிமா ஸ்டுடியோவில் போடுவதுபோல் போட்ட செட்! சுவர் எல்லாம் அட்டை. நகை எல்லாம் கில்ட். திருடன் செய்ததை எல்லாம், மறைந்து நின்ற போலீசார் ஒன்று விடாமல் பார்த்துவிட்டார்கள்!

கம்ப்யூட்டர் உலகில் இந்தத் தந்திரம் தினமும் நடக்கிறது. முன்பின் தெரியாத ஒரு புரோகிராம் வந்தால், அதை இப்படிப்பட்ட பொய் வீட்டுக்குள் விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். அது யோக்கியனா, திருடனா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இதற்கு "சாண்ட்பாக்ஸ்" என்று பெயர். "மணல் பெட்டி" என்று பொருள். மேல்நாடுகளில் குழந்தைகள் விளையாடுவதற்காக, நாலு பக்கமும் பலகை அடித்து நடுவில் மணல் கொட்டி வைப்பார்கள். குழந்தை எப்படி விளையாடினாலும் மணல் பெட்டிக்குள்ளேயே இருக்கும். வீடு அழுக்காகாது. கம்ப்யூட்டரிலும் அதே ஏற்பாடுதான்.

கேடி லிஸ்ட்

கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. "இதைச் செய், அதைச் செய்" என்று மனிதன் எழுதிக் கொடுத்த கட்டளைப்படிதான் அது நடக்கும். அந்தக் கட்டளைகளின் தொகுப்பே புரோகிராம். செல்போனில் உள்ள "ஆப்" கூட ஒரு புரோகிராம்தான்.

கெட்ட எண்ணத்தோடு எழுதிய புரோகிராமும் உண்டு. பணத்தைத் திருடும். கடிதங்களைப் படிக்கும். படங்களை அழிக்கும். பொதுவாக மக்கள் இதை வைரஸ் என்கிறார்கள்.

போலீஸ் நிலையத்தில் கேடி லிஸ்ட் இருப்பதுபோல, வைரஸைப் பிடிக்கும் காவல் புரோகிராமிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. புதிதாக ஒரு புரோகிராம் வந்தால், அதன் அடையாளம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உடனே பிடித்துவிடும்.

ஆனால், நேற்று இரவு எழுதி இன்று காலை அனுப்பிய வைரஸ் பட்டியலில் எப்படி இருக்கும்? முதல் முறை திருட வருகிறவன் பெயர் கேடி லிஸ்ட்டில் இருக்காதே! அங்கேதான் பொய் வீடு தேவைப்படுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்குகிறார்கள். அதில் பொய்க் கடிதங்கள் இருக்கும். பொய்ப் படங்கள் இருக்கும். உள்ளே வந்த புரோகிராமுக்கு எல்லாம் நிஜம்போலவே தோன்றும்.

பிறகு புரோகிராமை ஓட விடுவார்கள். அது என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொள்வார்கள். யாரைக் கேட்காமல் எந்தக் கடிதத்தைத் திறந்தது? கம்ப்யூட்டரைத் திறக்கும் போதெல்லாம் தானும் கூடவே எழுந்து ஓட வழி செய்து கொண்டதா? வெளியே யாருக்கோ ரகசியமாகச் செய்தி அனுப்பியதா?

கணக்குப் போடும் புரோகிராம் கணக்குப் போட்டால் சரி. கணக்குப் போடுவதாகச் சொல்லி வந்துவிட்டு, படங்களை எல்லாம் பூட்ட ஆரம்பித்தால்? குட்டு வெளிப்பட்டுவிட்டது!

பெரும்பாலும் சில நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். பிறகு பொய்க் கம்ப்யூட்டரை அப்படியே அழித்து விடுவார்கள். செட்டைப் பிரித்துப் போட்டால் திருடன் உடைத்த பீரோவும் போய்விடும் அல்லவா? நிஜ வீட்டில் ஒரு கீறல்கூட விழாது.

திருடனின் எதிர்த் தந்திரம்

திருடர்கள் சும்மா இருப்பார்களா? இது நிஜ வீடா, செட்டா என்று மோப்பம் பிடிக்க அவர்களும் கற்றுக் கொண்டார்கள்.

சில வைரஸ்கள் உள்ளே வந்ததும் ஒன்றும் செய்யாமல் தூங்கும். சோதனை முடியட்டும் என்று காத்திருக்கும். உடனே காவல்காரர்கள், பொய் வீட்டுக் கடிகாரத்தை வேகமாக ஓட விட்டார்கள். ஒரு மணி நேரம் கழிந்துவிட்டது என்று வைரஸ் ஏமாந்து எழுந்து கொள்ளும்!

சில வைரஸ்கள் மனிதன் கை பட்டு "மவுஸ்" அசைகிறதா என்று பார்க்கும். அசையாவிட்டால், இது சோதனைக் கூடம் என்று சந்தேகப்படும். உடனே காவல்காரர்கள் மவுஸ் தானாகவே அசைவதுபோல் செய்தார்கள்.

இந்தக் கண்ணாமூச்சி ஆட்டத்தில், ஒரு முறை திருடனின் சந்தேகமே அவனுக்கு எமனாக முடிந்தது!

அழவைத்த வைரஸ்

2017 மே 12. வெள்ளிக்கிழமை. "வான்னாக்ரை" என்ற வைரஸ் உலகத்தைத் தாக்கியது. கம்ப்யூட்டரில் உள்ளதை எல்லாம் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு, திறந்து விடுகிறேன்" என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் சிக்கின.

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் திண்டாடின. 236 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் 80க்குக் குறையாமல் பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் குறிப்புகளை டாக்டர்களால் பார்க்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்த தேதிகள் ரத்தாயின. சில இடங்களில் ஆம்புலன்சுகளை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நாட்டின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது வாலிபர் இருந்தார். வைரஸ்களை ஆராய்வது அவர் தொழில். நண்பருடன் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியவர் செய்தியைப் பார்த்தார். இன்னொரு நண்பரிடம் அந்த வைரஸின் பிரதி ஒன்றை வாங்கினார். சோதனைக் கம்ப்யூட்டருக்குள் ஓட விட்டார்.

வைரஸ் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. இண்டர்நெட்டில் ஒரு நீளமான, அர்த்தமில்லாத முகவரியைத் தேடியது. அப்படி ஒரு முகவரியே உலகத்தில் இல்லை! யாரும் அதை வாங்கிப் பதிவு செய்திருக்கவில்லை.

வைரஸ் எங்கெங்கே பரவுகிறது என்று கணக்கெடுக்க உதவுமே என்று, ஹட்சின்ஸ் அந்த முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்தார். செலவு 10 டாலர் 69 சென்ட்.

அவ்வளவுதான். உலகம் முழுவதும் அந்த வைரஸின் ஆட்டம் ஓய்ந்தது!

காரணம் என்ன?

இல்லாத டெலிபோன் எண்ணுக்குப் பேசினால் பதில் வருமா? வராது. ஆனால் சில பொய் வீடுகளில், எந்த எண்ணைச் சுற்றினாலும் உள்ளே இருக்கும் காவல்காரரே எடுத்து "ஹலோ" என்பார். திருடன் யாரோடு பேசப் பார்க்கிறான் என்று அறிவதற்காக அந்த ஏற்பாடு.

அதனால் வைரஸை எழுதியவன் இப்படி யோசித்திருக்க வேண்டும் என்று ஹட்சின்ஸ் கணித்தார்: "இல்லாத முகவரியைக் கூப்பிடு. பதில் வராவிட்டால் நிஜ வீடு, வேலையைக் காட்டு. பதில் வந்தால் பொய் வீடு, ஓடி விடு." தேவைப்படும்போது நிறுத்துவதற்காகவே வேண்டுமென்று வைத்த விசை அது என்று சொல்பவர்களும் உண்டு.

எப்படியானாலும், அந்த முகவரி பிறந்தவுடன் உலகம் முழுவதும் "ஹலோ" என்று பதில் போயிற்று. நிஜ வீட்டுக்குள் நுழைந்த வைரஸ்கூட, பதிலைக் கேட்டதும் வேலையைக் காட்டாமல் ஓய்ந்தது!

ஆனால் ஏற்கெனவே பூட்டப்பட்ட கம்ப்யூட்டர்கள் இதனால் திறக்கவில்லை. இதில் ஒரு வருத்தமும் உண்டு. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக் கொண்ட கம்ப்யூட்டர்களுக்குள் அந்த ஓட்டை வழியே வைரஸ் நுழைய முடியவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் அழுதார்கள்.

உங்கள் கையில் சாவி

இந்த மணல் பெட்டி வேறு ரூபத்தில் உங்கள் சட்டைப் பையிலும் இருக்கிறது! ஆண்ட்ராய்டு செல்போனில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை. ஒன்றின் அறைக்குள் மற்றொன்று தானாக எட்டிப் பார்க்க முடியாது. உங்கள் கேமராவையோ எஸ்.எம்.எஸ். செய்திகளையோ தொட வேண்டுமானால், "அனுமதி தருகிறீர்களா?" என்று உங்களைக் கேட்க வேண்டும்.

அதனால் திருடன் சுவரை உடைப்பதில்லை. உங்களிடமே சாவியைக் கேட்கிறான்!

இந்தியாவில் 2024ஆம் ஆண்டில், கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் போலி ஆப்களை அனுப்பும் மோசடி பற்றிப் போலீசார் எச்சரித்தார்கள். யார் வீட்டுக் கல்யாணமோ என்று திறந்து, கேட்டதற்கெல்லாம் "சரி" என்று விரலை வைத்தால், எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் பாங்கி ரகசிய எண் திருடன் கைக்குப் போய்விடும்.

பத்திரிகை என்றால் படிக்கத்தான் வேண்டும். அதை ஏன் செல்போனில் "இன்ஸ்டால்" செய்ய வேண்டும்? உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு அதற்கு? இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பாதித் திருடர்கள் ஓடி விடுவார்கள்.

முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள்? ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள். "யார்? என்ன வேண்டும்?" என்று கேட்பீர்கள். சாண்ட்பாக்ஸ் செய்வதும் அதுவே. செல்போனை எடுக்கும்போதும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்!